சும்மா நின்ற வரி

வியாழன், மத்திகிரி

மூன்று வாரமாக என் உயிரை வாங்கிய பிழை இன்று காலை பிடிபட்டது. ஸ்கூட்டர் விளக்குகளைச் சோதிக்கும் இயந்திரத்துக்கு நான் எழுதிய நிரல் என் மேசையில் நன்றாக ஓடும், உற்பத்தி லைனுக்குப் போனதும் நின்றுவிடும். அங்கே வேலை பார்க்கும் மஞ்சுளா அக்கா பட்டனை அவசரமாக அழுத்துகிறார் என்று மேனேஜரிடமே சொல்லிவிட்டிருந்தேன்.

தப்பு என்னுடையது. சென்சார் விழித்துக்கொள்ளும்வரை நேரம் போகட்டும் என்று, லட்சம் வரை வெறுமனே எண்ணும் வரி ஒன்றை எழுதியிருந்தேன். லைனுக்கு அனுப்பும்போது மட்டும் வேகத்துக்காக, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரில், வீண் வேலைகளை நீக்கும் ஆப்டிமைசேஷனைப் போடுவோம். இந்த எண்ணிக்கையால் ஒரு பயனும் இல்லை என்று அது வரியையே தூக்கிவிட்டது. தூங்குகிற சென்சாரைப் படித்த நிரல் குழம்பி விழுந்தது.

மேனேஜரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"போன மாசம் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு டைம் ஸ்டடிக்கு வந்தவரு மாதிரியே அதுவும் பண்ணியிருக்குது சார். லென்ஸ் ஒட்டுன பசை காயட்டும்னு நான் நின்னா, சும்மா நிக்கிறாங்கன்னு எழுதிட்டுப் போனாரு. மேனேஜரும் அந்த நேரத்தை வெட்டிட்டாரு. அப்புறம் லென்ஸெல்லாம் கழண்டு வந்துச்சே!"

கம்பைலர் கை வைக்காதபடி வரியைத் திருத்தினேன். மாலை ஷிஃப்ட் முழுக்க இயந்திரம் ஒருமுறைகூட நிற்கவில்லை. அடுத்து வருபவர்களுக்காக, வரியின் மேல் ஒரு குறிப்பும் எழுதினேன்: 'இது சும்மா நிற்கவில்லை, காத்திருக்கிறது.'

அக்கா அதில் ஒரு பிரிண்ட் கேட்டு வாங்கி, தான் நிற்கும் இடத்துக்கு மேலே ஒட்டிவிட்டார். நாளைக் காலை மேனேஜர் அந்தப் பக்கம் வருவார். நினைத்தாலே சிரிப்பு வருகிறது, தூக்கம்தான் வரவில்லை.