வாசல் மேல் மூன்று கதிர்க்கட்டு

அதிராம்பட்டினம்
5.11.1998

சீமையில் அரண்மனைச் சட்டி கழுவும் என் மச்சான் மீரா சாகிப் அவர்களுக்கு, வீட்டுக்காரி சஃபியாவின் சலாம்.

நானும் மகள் ஜஸீலாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். வழக்கமாக நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுவாள். இது அவளுக்குத் தெரியாமல் நானே எழுதுவது. எழுத்து கோணலாக இருந்தால் தலையைச் சாய்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் கேடயச் சமாச்சாரம். நீங்கள் வேலை பார்க்கும் ஓட்டல் அந்தக் காலத்தில் ஒரு பெரிய குடும்பத்தின் மாளிகையாம், அவர்கள் குலச்சின்னம் போட்ட கேடயம் கூடத்துச் சுவரில் இருக்கிறதாம். தோட்டத்தில் இடிந்து கிடக்கும் பாதிரிமார் மடத்துக்கும், நம் திருப்பனந்தாள் மடம் மாதிரி பெரிசாமே, தனியாக ஒரு கேடயமாம். இரண்டையும் படம் அனுப்பி, புது வீட்டு வாசல் மேல் அதுபோல் ஒன்று வைக்கச் சொன்னீர்கள்.

குடும்பத்துக் கேடயத்தில் இருந்த சிங்கத்தைப் பார்த்ததும் உங்கள் அக்கா நஃபீசா, வாசலில் உருவம் இருந்தால் வானத்து மலக்குகள் உள்ளே வரமாட்டார்கள் என்று சொல்லிவிட்டார். நாக்கை நீட்டிக்கொண்டு பின்னங்காலில் நிற்கிற அதைக் கண்டால் மலக்குகள் என்ன, பால்காரரே வரமாட்டார். ஆகவே மடத்துக் கேடயத்தை எடுத்துக்கொண்டோம். மூன்று கோதுமைக் கட்டு, யாருக்கும் தொந்தரவு இல்லை.

கொத்தனார் தங்கையன் பேராவூரணிக்காரர். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்னங்கம்மா, கதிரு தலையைத் தூக்கிக்கிட்டு நிக்குது? மணி புடிக்கலையா? புது வீட்டு வாசல்ல பதரையா வைக்கச் சொல்றீங்க?” என்று கேட்டார். அது கோதுமை, சீமையில் அப்படித்தான் நிற்கும் என்றேன். “சீமையில நிக்கட்டுங்க. இங்க பாக்குறவன் என்னையில்ல சிரிப்பான்” என்று சொல்லிக்கொண்டே, சிமெண்டு காய்வதற்குள் எல்லாக் கதிரையும் வளைத்துவிட்டார். இப்போது வாசல் மேல் நிற்பது நம்மூர்ச் சம்பா. போகிறவர்கள் அரிசி மண்டி என்று நினைத்து விலை கேட்காமல் இருந்தால் சரி.

அந்தக் கேடயம் அங்கே அப்பனிடமிருந்து மகனுக்குப் போகும், மகன் இல்லாவிட்டால் பேரே அற்றுவிடும், எனக்கும் மகன் இல்லை, வாசல் மேலாவது நான் இருக்கட்டும் என்று எழுதியிருந்தீர்கள். மகன் இல்லாத வீட்டுப் பெண்ணைக் கட்டுகிறவர் அவள் வீட்டுக் கேடயத்தைத் தன் கேடயத்து நடுவில் பதித்துக்கொள்வாராம் என்று அதிசயம்போல் வேறு எழுதியிருந்தீர்கள். ஏன் மச்சான், நீங்கள் பெட்டியும் கையுமாக என் உம்மா வீட்டுக்குள் நுழைந்தது மறந்தே போச்சா? நம்மூரில் வீடு பெண்ணுக்குத்தானே. இந்த வீடும் நிக்காஹ் அன்றே ஜஸீலாவுக்கு. மாப்பிள்ளை ஷஹ்பாஸ் நம் வாசலுக்குத்தான் வருவார். மாடி அறை அவர்களுக்கு, கிணற்றடிப் பக்கத்து அறை நமக்கு. அதில் ஜன்னலைப் பெரிதாக வைக்கச் சொன்னேன். உங்கள் குறட்டை வெளியே போக வழி வேண்டுமே.

இனி, எழுத உட்கார்ந்த விஷயம். நோன்புப் பெருநாள் கழிந்து தையில் நிக்காஹ். உங்கள் விசா எப்போதோ முடிந்துவிட்டது, ஒருதரம் வெளியே வந்தால் மறுபடி அங்கே விடமாட்டார்கள் என்று உங்கள் தம்பி ஜாஃபர் சாதிக் சொன்னார். அதனால்தான் உங்கள் சார்பில் அவரை நிற்கச் சொல்லியிருக்கிறீர்கள். தப்பில்லை, மார்க்கத்தில் இடம் இருக்கிறது. ஜஸீலாவும் டெலிபோன் பூத்தில், “பரவாயில்ல வாப்பா, சாச்சாதான் இருக்காங்களே” என்றாள். வெளியே வந்ததும் கடைத்தெரு நெடுக முக்காட்டை முகத்தில் இழுத்துவிட்டபடியே நடந்தாள்.

பூத்தில் வரிசையாக ஆட்கள் நின்றதால் நானும் வாயைத் திறக்கவில்லை. சொல்ல நினைத்ததை இப்போது சொல்லிவிடுகிறேன். நிக்காஹ் சபையில் பெண்ணின் வாப்பா மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு, கட்டிக்கொடுக்கிறேன் என்று சொல்ல வேண்டிய இடம் அது. தம்பி தங்கமான ஆள்தான். ஆனாலும் அவர், அண்ணனான உங்களை வைத்து, ‘என் காக்கா மகளை’ என்றுதான் சொல்ல முடியும். ‘என் மகளை’ என்று சொல்ல, இந்த உலகத்தில் ஒரு வாய்தான் இருக்கிறது.

வேலை போய்விடுமே என்பீர்கள். போகட்டும். பஞ்சநதம் அண்ணன் நம் வயலில் நடவு முடித்துவிட்டார், பயிர் பச்சை பிடித்துவிட்டது. பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு ஒன்று குத்தகைக்கு வருகிறதாம். தேங்காயோடு இங்கிலீஷ் பேச வேண்டிய அவசியமும் இல்லை.

அல்லாஹ் உங்களை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். டிக்கெட் வருவதற்கு மட்டும் எடுங்கள், மச்சான்.

வழி பார்த்திருக்கும்,
சஃபியா