பலகையில் சிரிக்கிற ஆள்

மெம்பிஸ்
3 மே 2021

அன்புத் தங்கச்சி ஹேட்டிக்கு,

உன் அண்ணன் லெமுவேல் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் முட்டி தவிர. போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவாய். கடுதாசியை அப்படி வைக்க முடியாது பார்.

தெருமுனைப் பெரிய கடையில் என் மிளகாய் சாஸ் ஏறிவிட்டது! கறுப்பர் நடத்தும் தொழில்களுக்கென்றே வாசலருகே ஒரு அலமாரியை ஒதுக்கியிருக்கிறார்கள். மேலே பலகையில் என் படம், முப்பத்திரண்டு பல்லும் தெரிய. பாதிப் பல் காசு கொடுத்து வாங்கியது என்று உன் சபைப் பெண்களிடம் சொல்லிவிடாதே.

அண்ணன்
லெமுவேல்

ஜாக்சன்
9 மே

அன்புள்ள அண்ணனுக்கு,

சந்தோஷம், ஆனால் அரை சந்தோஷம். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர் கடைகளில் அம்மாவைப் பின்வாசலில் நிற்க வைத்தார்கள். உன்னை முன்வாசலில் தனியாக நிற்க வைத்திருக்கிறார்கள். நல்ல சாஸ் என்றால் மற்ற சாஸோடு நிற்க வேண்டியதுதானே? ஒதுக்கீட்டில் ஏறியவன் என்று நாலு பேர் சொன்னால் ரோஷம் வராதா? உனக்கு எங்கே வரும்! மூன்றாம் வகுப்பில் மூன்று வருஷம் உனக்கென்று ஒரு பெஞ்சையே ஒதுக்கி வைத்திருந்தார்களே.

தங்கை
ஹேட்டி

மெம்பிஸ்
2 ஜூன்

ரோஷக்காரத் தங்கச்சிக்கு,

ஒதுக்காத இருபது வருஷமும் பாட்டிலும் கையுமாக அந்தக் கடைக்கு நடந்தேன். "இடமில்ல பெரியவரே" என்பதுதான் பதில். ரோஷத்தைப் பாட்டிலில் அடைத்தால் யார் வாங்குவார்?

ஆனால் அலமாரியிலும் போணியாகவில்லை. வருகிறவர்கள் என் படத்தை மெச்சிவிட்டுப் போய்விடுகிறார்கள். மீன் வாங்க வந்தவன் வாசலிலா சாஸ் தேடுவான்? மாதக் கடைசிக்குள் விற்காவிட்டால் இறக்கிவிடுவேன் என்றாள் மேனேஜர் வெர்லீன். அதனால் தினமும் அந்த அலமாரியிலிருந்து ஆறு பாட்டிலை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போய், கெளுத்தி மீன் விற்கிற இடத்தில் அடுக்கினேன். வைக்க வைக்கப் பறந்தது. ஐந்தாம் நாள் காவலாளி கையைப் பிடித்தான்.

"பையில என்ன?"

"என் சாஸ்."

"காசு குடுத்தீங்களா?"

"என் சாஸுக்கு நான் எதுக்குப்பா காசு குடுக்கணும்?"

பலகைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "அந்த ஆளு சிரிக்கிறாரு. நீங்க சிரிங்க பாக்கலாம்."

சிரித்தேன். அன்றைக்குப் பார்த்துப் பல் செட்டை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தேன். போலீசைக் கூப்பிடப் போய்விட்டான்.

நல்லவேளை, வெர்லீன் வந்தாள். நாலு நாளில் இருபத்துநாலு பாட்டில் போயிருப்பதைப் பார்த்தாள். இனி மீன் பக்கத்திலேயே இருக்கட்டும் என்றாள். நீ கேட்டபடி என் சாஸ் இப்போது எல்லாரோடும் நிற்கிறது.

அலமாரியில் காலியான இடத்துக்கு வாழ்த்து அட்டை வைக்கப் பார்த்தாள். "வேற யாராச்சும் நம்ம ஆளுக்குக் குடும்மா. வாசல்ல இடம் குடுத்ததாலதான நான் மீன் வரைக்கும் நடந்தேன்" என்றேன். ஆள் சொல்ல ஒரு வாரம் தந்திருக்கிறாள்.

அண்ணன்
லெமுவேல்

ஜாக்சன்
6 ஜூன்

அண்ணா,

பல் இல்லாமல் கடைக்குப் போனாயா? அம்மா இருந்திருந்தால் முதுகுத் தோலை உரித்திருப்பாள்.

ஒதுக்கீட்டைப் பற்றி நான் சொன்னதில் ஒரு எழுத்தும் மாறாது. அது கொள்கை. இது வேறு விஷயம்.

வியாழக்கிழமை பஸ்ஸில் என் வெண்டைக்காய் ஊறுகாய் பன்னிரண்டு ஜாடி வருகிறது, உடையாமல் இறக்கு. ஈஸ்டர் பண்டிகைக்குச் சபைக்குப் போட்டுப்போன தொப்பியோடு எடுத்த படமும் அதிலேயே இருக்கிறது. உன் பலகையைவிட ஒரு சாண் பெரிதாக மாட்டச் சொல். பல் எல்லாம் என் சொந்தப் பல் என்று அந்தக் காவலாளியிடமும் சொல்லிவை.

தங்கை
ஹேட்டி