போர்டுக்குப் பக்கத்தில் நான்

ஐப்பசி, செவ்வாய் இரவு

தூக்கம் வரவில்லை. ஊருணிக்குத் தண்ணீர் வரும் கால்வாயைத் தூர்வாரச் சொல்லி, காரைக்குடி ஆபீசுக்கு மனுவோடு அலைந்து அலுத்துப்போய், வீட்டுக்கு ஓர் ஆளாக நாங்களே இறங்கி வெட்டினோம். மழை பெய்து ஊருணியும் நிறைந்துவிட்டது.

இன்று அதிகாரிகள் ஜீப்பில் வந்து, அரசுத் திட்டத்தில் தூர்வாரியதாகக் கரையில் போர்டு நட்டார்கள். நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று வயலிலிருந்து மண்வெட்டியோடு நேரே போனேன்.

"நல்ல நேரத்துல வந்தீகண்ணே! மண்வெட்டியோட அப்படியே நில்லுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கிறோம்" என்றார் அதிகாரி.

நின்றேன்.

"போர்டை மறைக்கிறீக. கொஞ்சம் அங்குட்டுத் தள்ளுங்க."

தள்ளியும் நின்றேன்.

போட்டோ இப்போது ஊர் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. சிரிக்கும்படி யாரும் சொல்லவில்லை. அதில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.