பிரேக்கைத் தேடிய கால்

என் பாப்பாவுக்கு அம்மா எழுதுகிறேன். நாங்கள் எல்லோரும் நலம், நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரே மூச்சில் எழுதித்தான் எனக்குப் பழக்கம். இந்த முறை அதைப் பிரித்துப் பிரித்துத்தான் எழுத முடிகிறது. நான் நலம். அப்பா தேறி வருகிறார். நீ நலமா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதம். பதறாதே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்பா நல்ல நினைவோடு, இதோ பக்கத்து அறையில் செய்தித்தாளைச் சரசரவென்று மடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆனால் ஐந்து வாரமாக உன்னிடம் ஒன்றை மறைத்து வைத்திருக்கிறோம். அப்பாவுக்கு முதுகில் ஆபரேஷன் நடந்தது. ‘டிப்போவுல லீவு குடுத்திருக்காங்க, ராஜா மாதிரி இருக்கேன்’ என்று போனில் உன்னிடம் அளந்ததெல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அளந்தது. கோபப்படு, தப்பில்லை, ஆனால் கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படு.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது, காப்பகத்தில் நாள் முழுக்கக் குனிந்து குனிந்து பிள்ளைகளைத் தூக்கி இறக்கியதில் முதுகு பிடித்துக்கொண்டது என்று சொன்னாய். அப்புறம், ‘இப்ப முதுகு தேவலம்மா, இடது கால்லதான் சுர்ருன்னு இழுக்குது, பெருவிரல் மரத்த மாதிரி இருக்கு, வேற ஒண்ணுமில்லை’ என்று சிரித்தாய். இங்கே போன் ஸ்பீக்கரில் இருந்தது. அப்பா எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார். லைன் கட்டாகிவிட்டது என்று நீ நினைத்து ஹலோ ஹலோ என்றாயே, லைன் நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் வாய் வரவில்லை. ஏனென்றால் நீ சொன்ன அதே வார்த்தையை, அதே சிரிப்போடு, அப்பா என்னிடம் சொல்லி நாலு மாதம்கூட முழுசாக ஆகவில்லை.

அப்பாவின் முதுகு வலி உனக்குப் புதிதில்லை. இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவர், ஸ்பிரிங் போன சீட்டில் உட்கார்ந்து, குலுங்கிக் குலுங்கி, தொப்பையும் போட்டுவிட்டது. வீட்டுக்கு வந்தால் நேரே தரையில் மல்லாந்துவிடுவார். தைலம், வெந்நீர்ப் பை, இடுப்புப் பெல்ட், மெடிக்கல் ஷாப்பில் அவராகக் கேட்டு வாங்கும் மாத்திரை. காலையில் எழுந்ததும் முதுகு பலகை மாதிரி விறைத்திருக்கும், சாக்ஸ் போட என்னைக் கூப்பிடுவார், நடக்க நடக்கச் சரியாகிவிடும். எனக்கு மட்டும் என்ன, திரைச்சீலைக் கடையில் மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் கூன் போட்டுத் தைத்துவிட்டு இடுப்பைக் கழற்றி வைக்க முடியாதா என்றுதான் தினமும் வீடு வருகிறேன். முதுகு வலி எங்களுக்கு அழையாமல் வந்து தங்கிவிட்ட சொந்தக்காரர் மாதிரி. திட்டுவோம், சாப்பாடும் போடுவோம். அதனால்தான் அந்த வலி ஆள் மாறியபோது எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

டிப்போவில் படுக்கையாகக் கிடந்த ஒரு டயரை நிமிர்த்த, ஆள் வருவதற்குள் இவரே குனிந்து இழுத்திருக்கிறார். உள்ளே ஏதோ நறுக்கென்றதாம். நாலு நாள் புரளக்கூட முடியாமல் கிடந்தார், இருமினாலும் தும்மினாலும் உயிர் போய் வந்தது. ஐந்தாம் நாள் எழுந்து நின்று, ‘முதுகு விட்டுடுச்சுடி, வலி கால்ல இறங்கிடுச்சு’ என்று பரிசு விழுந்த மாதிரி சொன்னார். நானும் நல்லது என்றேன் பாப்பா. பிட்டத்திலிருந்து தொடைக்குப் பின்பக்கமாக வந்து கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரைக்கும் கம்பி இழுத்த மாதிரி வலி. பிறகு அந்த வலியும் குறைந்து பாதம் மரத்துப்போனது. வலி குறைகிறதே என்று சந்தோஷப்பட்டோம். ஒருநாள் மாடிப்படி ஏறி வீட்டுக்குள் வந்தவரின் வலது காலில் செருப்பு இல்லை. எங்கே என்று கேட்டால் குனிந்து பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிகிறது. ‘அது ஓவர்டைம் பாத்துட்டு வரும்’ என்றார். நானும் சிரித்துவிட்டு இறங்கிப் போனேன், இரண்டாவது படியில் கிடந்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு என்னைப் பார்த்தே எரிச்சலாக வருகிறது.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, ஒரு மத்தியானம், விசில் சித்தப்பா கடைக்கு வந்தார். அப்பாவின் பஸ்ஸில் பதினோரு வருஷமாகக் கண்டக்டர், அவர் வாயை மூடி நின்று நீ பார்த்திருக்க மாட்டாய். அன்றைக்கு என் மெஷின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, துணியை ஒரு முனையில் பிடித்துத் திருகிக்கொண்டே நின்றார். பிறகு, ‘அக்கா, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க, அண்ணன் காலைக் குனிஞ்சு பாத்துட்டுத்தான் பிரேக் போடறாரு’ என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. கால் எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரியாததால் கண்ணால் பார்த்து வைக்கிறாராம். அன்று காலையில் மார்க்கெட் இறக்கத்தில் ஒரு பெண் தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்திருக்கிறாள். பஸ் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. நின்றபோது அவளுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்ததாம். பஸ்ஸுக்குள் ஐம்பது பேர், ஒருவருக்கும் எதுவும் தெரியாது.

அன்று அவர் வந்ததும் கேட்டேன். மறுப்பார் என்று நினைத்தேன், மறுக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. ‘ரிட்டயராக ரெண்டு வருஷம்தான் இருக்கு, சமாளிச்சுடுவேன், நீ யாருகிட்டயும் வாயைத் திறக்காதே, முக்கியமா பாப்பாகிட்ட’ என்றார். டாக்டரிடம் போகலாம் என்றால், போனால் வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள் என்றார். மறுநாள் அவர் சட்டைப் பொத்தானைப் போடும்போது மறுபடி கேட்டேன், கெஞ்சினேன், அவர் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். நான் பின்னாலேயே வேறு வண்டி பிடித்து டிப்போவுக்குப் போய், மேனேஜர் அறைக்குள் நேராக நுழைந்து, என் புருஷனுக்குக் கால் மரத்திருக்கு, அவரை வண்டி எடுக்க விடாதீங்க என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு வெளியே வந்தால் அவர் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். எல்லார் கண்ணுக்கும் முன்னால் கூப்பிட்டு இறக்கினார்கள். இறங்கி என்னைக் கடந்து போனார். வலது பாதம் ஒவ்வொரு அடிக்கும் தரையில் பட்டென்று அறைந்தது. அதற்கு முன் அந்தச் சத்தத்தை நான் கவனித்ததே இல்லை.

மூன்று நாள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட்டுவிட்டுத் தட்டை அவரே கழுவி வைத்தார். முப்பது வருஷத்தில் கழுவாத தட்டு. நாலாம் நாள் காலையில் பார்க்கிறேன், பாத்ரூமுக்குப் போவதும் வருவதுமாக இருக்கிறார், உள்ளே குழாய் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, நான் கதவில் கை வைத்துக்கொண்டு, பேசாட்டி போங்க, என்ன ஆச்சுன்னு மட்டும் சொல்லுங்க என்றேன். குழாயை மூடினார். பிறகு, ‘வரலை, நேத்து ராத்திரியிலேருந்து ஒண்ணுக்கு வரலை’ என்றார். அதற்கப்புறம் ரொம்பச் சின்னக் குரலில், ‘உக்காந்தா உக்காந்த மாதிரியே தெரியலைடி’ என்றார். கதவைத் திறந்து தொட்டுப் பார்த்தால், அவர் அடிவயிறு கல் மாதிரி இருந்தது. விசில் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன், கால் மணி நேரத்தில் காரோடு வந்தார்.

ஆஸ்பத்திரியில் உன் வயசுதான் இருக்கும் அந்த டாக்டரம்மாவுக்கு. அவசரப்படாமல் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். எங்கேயாவது விழுந்தீங்களா, காய்ச்சல் இருக்கா, காரணமில்லாம எடை குறைஞ்சுதா, படுத்தாக்கூடக் குறையாத வலியா, முன்னாடி கட்டி, புற்றுநோய்னு ஏதாவது வைத்தியம் பாத்தீங்களா, ஒரு காலா ரெண்டு காலா என்று. இரண்டு காலும்தான், இடது காலும் இரண்டு நாளாக மரக்கிறது என்று அப்போதுதான் சொல்கிறார் இந்த மனுஷன். பிறகு பஞ்சால் பிட்டத்திலும் தொடை இடுக்கிலும் தொட்டுத் தொட்டுக் கேட்டாள். இங்க தெரியுதா, தெரியலை. இங்க, தெரியலை. அதுவரைக்கும் சாதாரணமாக இருந்த முகம் மாறிவிட்டது பாப்பா. வெளியே போய் யாரிடமோ, ஸ்கேனுக்கு வரிசையெல்லாம் வேண்டாம், இப்பவே எடுக்கணும் என்று சொன்னது எனக்குக் கேட்டது.

ஸ்கேன் எடுக்கும்போது அவளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி தட்டுகள் இருக்கிறதாம், வயசாக ஆக அது காய்ந்துபோகும், வருஷக்கணக்கில் உட்கார்ந்தே வேலை செய்தால், குலுங்கினால், உடம்பு பெருத்தால், தப்பாகக் குனிந்து பாரம் இழுத்தால் பிதுங்கும். பக்கவாட்டில் பிதுங்கி ஒரு நரம்பை அழுத்தினால் ஒரு காலில் இழுக்கும். அப்பாவுக்கு நட்டநடுவில் பிதுங்கி, அடியில் குதிரை வால் மாதிரி தொங்கும் நரம்புக் கொத்தையே நசுக்கிவிட்டது. சிறுநீர், மலம், கால் எல்லாவற்றுக்கும் போகிற நரம்பு அதுதான். இதற்கு நாள் கணக்கு இல்லை, மணிக் கணக்குதான் என்றாள். நான் அழுதுகொண்டே, முதுகு வலின்னா தைலம் தேச்சாப் போயிடும்னு நெனச்சோம்மா என்றேன். ‘உங்க தப்பில்லைம்மா, முதுகு வலின்னு வர்றவங்கள்ல பெரும்பாலானவங்களுக்குச் சதையோ தசைநாரோ பிடிச்சிருக்கும், சில வாரத்துல தானா சரியாயிடும். படுத்தே கிடக்காம நடமாடினா இன்னும் சீக்கிரம் சரியாகும். கால்ல இழுக்கிறதுகூட நிறையப் பேருக்கு ஆபரேஷன் இல்லாமலே குணமாயிடும். ஆனா மரத்துப்போறதையும் பலம் குறையறதையும் வலி குறையறதா எடுத்துக்கக் கூடாது’ என்றாள். என் இடுப்பையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, எனக்கு உட்காருவதுதான் வியாதி, அரை மணிக்கு ஒருதரம் எழுந்து நடக்க வேண்டும் என்கிற மாதிரி சொன்னாள்.

விளக்கு போடுகிற நேரத்துக்குள் ஆபரேஷன் முடிந்தது. காலைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது, சிறுநீரைப் பற்றியும் சொல்ல முடியாது, பார்ப்போம் என்றார்கள். நாலாம் நாள் காலையில் சிறுநீர் டியூபை எடுத்துவிட்டு, சாயங்காலத்துக்குள் தானாகப் போக வேண்டும், போகாவிட்டால் மறுபடி போட வேண்டியிருக்கும், அப்படியே நிரந்தரமானாலும் ஆகலாம் என்று நர்ஸ் சொன்னாள். அன்றைக்கு முழுக்க வார்டு பாத்ரூம் கதவுக்கு வெளியில் நின்றேன். பதினோரு மணிக்கு ஒன்றுமில்லை. ஒரு மணிக்கு ஒன்றுமில்லை. மூன்றரை மணிக்கு உள்ளே ஒரு சொட்டுச் சத்தம், அப்புறம் நின்றது, அப்புறம் மறுபடி. இந்த உலகத்தில் இப்படி ஒரு சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன் என்று நான் நினைத்ததில்லை. ‘ஏய், வந்துடுச்சு’ என்று கத்தினார், வார்டே திரும்பிப் பார்த்தது. விசில் சித்தப்பா நடைவழியில் வாயில் விரலை வைத்து ஒரு விசில் அடித்து நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அன்றைக்குத்தான் என்னிடம் மனம்விட்டுப் பேசினார். டிப்போவைப் பற்றிப் பேசவில்லை. ‘அந்தப் பொண்ணு தள்ளுவண்டியோட கடந்து போகும்போது என்னைப் பாத்துச் சிரிச்சா தெரியுமா, நான் அவளுக்காக நிறுத்தினேன்னு நெனச்சுட்டா’ என்றார். சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். என்னால் முதுகைத் தடவக்கூட முடியாது, கட்டு இருந்தது, கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது அவர் நிலைமை இதுதான். இடது கால் தெளிந்துவிட்டது. வலது பாதம் இன்னும் மேலே தூக்கவில்லை, பாதத்துக்கு ஒரு தாங்கி மாட்டிக்கொண்டு நடக்கிறார், தூக்கலாம் தூக்காமலும் போகலாம் என்கிறார்கள். பஸ் இனிமேல் இல்லை. டிப்போவில் வண்டி வரும் போகும் நேரத்தை எழுதுகிற வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ‘இத்தனை வருஷம் நான் லேட்டா வந்தேன், இனிமே மத்தவங்க லேட்டை எழுதப் போறேன்’ என்று சிரிக்கிறார். சில நாள் பஸ் ஹாரன் கேட்டால் சிரிப்பதில்லை. சரியாகிவிடும், அல்லது பழகிவிடும்.

இனி உன் விஷயம். உனக்கும் இதேதான் என்று நான் சொல்லவில்லை, வெறும் பிடிப்பாகவே இருக்கட்டும், ஆனால் அதை நீ முடிவு செய்யாதே. இந்த வாரமே டாக்டரிடம் காட்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலில் நாலு அடி, முன்பாதத்தில் நாலு அடி நடந்து பார், எந்தக் கால் தொய்ந்து தரையில் விழுகிறது என்று அவரிடம் சொல். ஒருவேளை வலி இரண்டு காலிலும் இறங்கினாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, ஒண்ணுக்கு வராமல் நின்றாலோ, உனக்கே தெரியாமல் கசிந்துவிட்டாலோ, வாரமும் இல்லை நாளும் இல்லை, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. வெட்கப்படாதே, அப்பா வெட்கப்பட்டதில் அரை நாள் போனது. அதுவரைக்கும் பிள்ளைகளைத் தூக்கும் வேலையை வேறு யாரிடமாவது கேட்டு மாற்றிக்கொள். பிறகு தூக்கினாலும் முழங்காலை மடக்கி, பிள்ளையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கு, எட்டிப் பிடித்துத் தூக்காதே. அதற்காகப் படுக்கையிலேயே கிடக்கவும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை வாசலுக்குப் போன அப்பா ரொம்ப நேரம் கழித்து உள்ளே வந்தார். பாப்பாகிட்ட நீங்களே பேசுங்க, உங்க பேச்சைத்தான் கேப்பா என்றேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டு, ‘நான் பேசினா நானும் சிரிப்பேன், அவளும் சிரிப்பா, அதோட போயிடும். நீ எழுது. நீதான் போட்டுக்குடுக்கறதுல கெட்டிக்காரி, என்னை ஒண்ணு விடாமப் போட்டுக்குடு’ என்றார். அப்படித்தான் எழுதியிருக்கிறேன், ஒன்று விடவில்லை.

உடம்பும் மனசும் ஒரு குறையும் இல்லாமல் நீ நிமிர்ந்து நடக்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு இருக்கிறது. கடிதம் கிடைத்தது, சரிம்மா என்று ஒற்றை வரியில் பதில் போடாதே. எந்த டாக்டர், என்றைக்குப் போனாய், என்ன சொன்னார், மூன்றும் எழுது. இல்லையென்றால் உங்கள் காப்பக மேலாளரின் நம்பர் என்னிடம் இருக்கிறது, என்னைப் பற்றித்தான் உனக்கு இப்போது தெரியுமே.

உன்னை நினைத்தபடியே இருக்கும்,
அம்மா