பெயர் சொல்லாத வீடு

1936, ஆடி, செவ்வாய்க்கிழமை

தலைவலி என்று ராமாத்தாள் இன்றும் டிஸ்பென்சரிக்கு வந்தாள். மகன் கிணற்றில் விழுந்து இறந்ததிலிருந்து அவள் வீட்டில் யாரும் அவன் பெயரைச் சொல்வதில்லை. சொன்னால் அவள் தாங்கமாட்டாளாம். நானும் மருந்து கொடுத்து, "மறந்துபோடு அம்மணி" என்றே அனுப்பிவந்தேன்.

இன்று என்னவோ, "பையன் பேரென்ன கண்ணு?" என்று கேட்டுவிட்டேன். "பழனியப்பன்" என்றவள், மத்தியானம் வரை அவனைப் பற்றியே பேசிப் பேசி அழுதாள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் அவள் புருஷன் வந்து சத்தம் போட்டார். "ஏனுங்க நர்ஸம்மா, சும்மா இருந்தவளை இப்படி அழுக வெச்சுப்போட்டீங்களே!"

கெடுதல் செய்துவிட்டேனோ?

வாசல்வரை போனவர் திரும்பினார். "பையன் பேரை அவ சொன்னாளுங்களா?"

"சொன்னாங்க. பழனியப்பன்னு."

அப்படியே படியில் உட்கார்ந்து, அவரும் பையனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். டிஸ்பென்சரியைப் பூட்ட இன்று நெடுநேரமாயிற்று.