உன் கணினியின் கடிகாரம்

என் செல்விக்கண்ணு,

உன் கணினி போய்விட்டது. அறந்தாங்கிக் கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, "டிஸ்க்கே போச்சுங்க மேடம், ஒண்ணும் எடுக்க முடியாது" என்றார். நீ கண்ணை மூடியபோது அழாமல் நின்றவள், அந்தக் கடை வாசலில் உட்கார்ந்து அழுதேன்.

நாம் சேர்ந்து எழுதிய மாத்திரை நினைவூட்டும் செயலி, புதிய போன்களில் திறக்கவில்லை. "பேஷண்டெல்லாம் எங்களத்தான் திட்டுறாங்க. இந்த வாரத்துக்குள்ள சரி பண்ணலேன்னா வேற ஆளப் பாத்துக்கிறோங்க" என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அது போனால் நம் அலுவலகத்தைப் பூட்ட வேண்டியதுதான். நிரல் பத்திரமாக இருக்கிறது. அதிலிருந்து பில்டு எடுத்துச் செயலியாக்கத்தான் முடியவில்லை. உன் கணினியில் மட்டும்தான் அது ஓடும். ஏனென்று நாம் தேடியதே இல்லை. "விடுங்க அண்ணி, எங்கிட்ட ஓடுதுல்ல, நான் எடுத்துத் தாரேன்" என்பாய். நீயே இல்லாமல் போவாய் என்று யார் நினைத்தார்கள்?

அதனால் கன்டெய்னர் இமேஜ் ஒன்று செய்ய உட்கார்ந்தேன். பில்டுக்கு வேண்டிய மென்பொருள்கள், அவற்றின் பதிப்புகள், அமைப்புகள் எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாக்கிவிட்டால், எந்தக் கணினியில் பிரித்தாலும் அதே சூழல் கிடைக்கும். இனி யார் கணினி செத்தாலும் வேலை நிற்காது. நீ வைத்திருந்த பதிப்புகளை யோசித்து யோசித்துச் சேர்த்தேன். நம் ஊர் நேரத்தை வைத்தேன். ஓட்டினால், நிரல் சரியா என்று பார்க்க நீ எழுதிவைத்த சோதனைகள் எல்லாம் சிவப்பு, அதாவது தோல்வி. மாத்திரை நேரங்கள் அத்தனையும் இரண்டரை மணி நேரம் தள்ளி நின்றன. கணக்கில்தான் பிழை என்று நிரலையே கிளறிக்கொண்டிருந்தேன். உன்னைக் கேட்டால் ஒரு நிமிட வேலை. யாரைக் கேட்பேன்?

நேற்றுக் காலை தாங்கமுடியாமல் குவைத்துக்கு, உன் வீட்டுக்காரனான என் தம்பிக்குப் போன் போட்டேன்.

"என்னக்கா, இங்கிட்டு ஆறரைதான் ஆகுது. யாருக்கும் எதுவுமா?"

என் சுவரில் மணி ஒன்பது. அதே இரண்டரை மணி நேரம்.

"டேய், அவ கம்ப்யூட்டர்ல மணி எப்படிடா வச்சிருந்தா?"

"எங்க மணிதான். நான் எந்திரிக்கிற நேரம் தெரியணும்னு. பக்கத்துலயே இருந்த, ஒனக்குத் தெரியாதா?" சிரித்தான். பிறகு சொன்னான்: "ஆறரைக்கு அவ போன் வரும்க்கா. இப்ப அலாரம் வச்சுத்தான் எந்திரிக்கிறேன்."

இமேஜில் குவைத் நேரம் என்று ஒரே ஒரு வரியை மாற்றினேன். எல்லாம் பச்சை. பயப்படாதே, நோயாளிகளுக்கு அவரவர் போனின் மணிப்படிதான் ஒலிக்கும். சோதனைகளைத்தான் நீ உன் மணியில் எழுதியிருந்தாய். மாலையில் செயலி மருத்துவமனைக்குப் போய்விட்டது. அலுவலகம் பிழைத்தது. உன் கணினி மாதிரியே இன்னொன்று செய்துவிட்டேன், செல்வி. யார் வேண்டுமானாலும் திறக்கலாம். திறந்தால் நீ இல்லையே, என்ன செய்வேன்?

சோதனைகளை நம் நேரத்துக்குத் திருத்தி எழுதிவிட்டு அந்த வரியை எடுப்பதுதான் முறை. எடுக்கிறேன், இன்றைக்கு வேண்டாம். ஆனால் ஒன்று சத்தியம்: என் கணினியில் இனி அந்த மணிதான். அங்கே ஆறரை ஆனதும் நான் கூப்பிடுவேன். மணி அடித்ததும் தூக்கத்தில் அவன் யார் பெயரைச் சொல்லி எடுத்தாலும், திருத்தமாட்டேன்.

உன் வீட்டுக்காரனின் அக்கா,
உனக்கு என்றைக்கும் அண்ணி.