வெள்ளிக்கிழமை நண்டுகள்

என் ஜெயந்திக்கு, என் ஒற்றைப் பெண்ணுக்கு,

நேற்று உன் புராஜெக்ட் கைடை நிறைந்த சபையில் தலைகுனிய வைத்தேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. உன் பெயர் இருக்கும் தாளில் அவருக்கு இனி இடம் கிடையாது.

நீ போன இந்த ஆறு வருஷத்தில் உன் கல்லூரி மாடி எடுத்து, வண்ணம் பூசி, அடையாளமே மாறிவிட்டது. இளங்கலைப் பிள்ளைகளின் புராஜெக்ட்டுகளுக்கென்றே இப்போது ஒரு நாள் விழா நடத்துகிறார்கள். வேதியியல், விலங்கியல், பொருளாதாரம், சமூகப்பணி என்று எல்லோரும் ஒரே ஹாலில் போஸ்டர் ஒட்டிவைத்து விளக்குகிறார்கள். விழா மலரின் ஆங்கிலத்தைத் திருத்தித் தரச் சொல்லி, திருக்கோகர்ணத்துக்கு என்னைத் தேடி ஆள் வந்தது. என் ஆங்கிலம் கான்வென்ட்டில் கன்னியாஸ்திரீகளிடம் பிரம்படி வாங்கிக் கற்றது. அதற்கு இந்த ஊரில் இன்னும் மதிப்பு இருக்கிறது.

பிள்ளைகளின் கட்டுரைகளைச் சிவப்பு மையில் குளிப்பாட்டிக்கொண்டே போனேன். கடைசியில் சிறப்பு விருந்தினரின் கட்டுரை; உன் கைடுதான். ஓய்வுபெற்ற பேராசிரியர் தன் வாழ்நாளின் சிறந்த ஆய்வை நினைவுகூர்கிறாராம். கோட்டைப்பட்டினத்தில் ஒரு நாட்டுப்படகுத் துறை. கரைக்கு வந்த நண்டுகளில் சினை நண்டு எத்தனை, ஓட்டின் அகலம் எவ்வளவு என்று நாள்வாரியாக அட்டவணை.

பீரோவைத் திறந்து உன் நோட்டை எடுத்தேன். உப்புக்காற்றில் அட்டை உப்பிப்போன அதே நோட்டு. வரிக்கு வரி ஒத்துப்போனது, வெள்ளிக்கிழமைகளைத் தவிர. முதல் வெள்ளியன்று நீ எழுதியிருக்கிறாய்: "இன்று படகு இல்லை. துறையில் நானும் மூன்று நாய்களும்." அதற்குப் பிறகு வந்த வெள்ளிகளிலெல்லாம் வெறும் கோடு. அவர் அட்டவணையிலோ வெள்ளிக்கிழமைகளிலும் நண்டு ஏறியிருந்தது.

அந்தத் துறைக்காரர்கள் ஜும்மா தொழுகைக்குரிய வெள்ளியன்று கடலுக்கு இறங்குவதில்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு நாளாவது உன்னோடு வந்தாரா? சிநேகிதி வீட்டில் தங்கி விடுமுறை முழுக்க வெயிலில் கிடந்தவள் நீ. கோடு போட்ட நாளெல்லாம் நீ மட்டம் போட்ட நாள் என்று நினைத்திருக்கிறார். வியாழனையும் சனியையும் கூட்டி, இரண்டால் வகுத்து, வெள்ளியை நிரப்பிவிட்டார்.

அந்தக் கட்டுரையில் ஒரு காற்புள்ளியைக்கூட நான் விடவில்லை. வெள்ளிக்கிழமைகளை மட்டும் தொடவில்லை.

நேர்முகத் தேர்வுக்குப் போய்விட்டு நீ வீடு திரும்பிய நாள் நினைவிருக்கிறதா? மேற்படிப்புக்கு உன் புராஜெக்ட்டைத் தூக்கிக்கொண்டு போனாய். அவர் தன் பெயரில் அதை முன்னமே ஒரு பத்திரிகையில் வெளியிட்டிருந்தார். கைடின் கட்டுரையைக் காப்பி அடித்தவள் என்று உன்னை வெளியே அனுப்பினார்கள். அவருடைய அட்டவணையை அவர்கள் உன் கண்ணில்கூடக் காட்டவில்லை. அழுதுகொண்டு வந்தவளிடம் நான் என்ன கேட்டேன்?

"நெசமாவே நீ பாத்து எழுதலையேடி?"

நீ நோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினாய். மறுவாரமே துணிக்கடையில் பில் போடப் போனாய். அந்தக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோகிற வரை அங்கேதான் இருந்தாய். என் கேள்விக்கு நான் மன்னிப்புக் கேட்டேனா, ஜெயந்தி? கேட்டதாக எனக்கு நினைவில்லை.

நேற்று விழாவில் உன் கைடு அரை மணி நேரம் பேசினார். கேள்வி கேட்கலாம் என்றதும் நான்தான் முதலில் எழுந்தேன்.

"சார், வெள்ளிக்கெழமையும் நீங்களே போயி எண்ணுனீங்களா?"

"ஒரு நாள் விடாமப் போனேம்மா. ஆராய்ச்சின்னா அப்படித்தான்."

கைதட்டல். அது ஓயும் வரை காத்திருந்தேன். மூன்றாவது வரிசையில் காதர் பாய் உட்கார்ந்திருந்தார். கோட்டைப்பட்டினத்துப் படகுக்காரர். நண்டுச் சதை எடுக்கும் பெண்களின் கூலியைப் பற்றிப் போஸ்டர் வைத்திருந்த பொருளாதார மாணவியின் தகப்பனார். காலையில்தான் பழக்கமானார்.

"பாய், ஒங்க தொறையில வெள்ளிக்கெழம எத்தன படகு போகும்?"

"வெள்ளிக்கெழமையா? ஜும்மாவுல்ல! ஒரு படகும் எறங்காதுங்கம்மா. எங்க அத்தா காலத்துலேர்ந்து அப்படித்தான்."

பின்வரிசையில் ஒருவன், "அப்ப நண்டே நடந்து வந்து கணக்குக் குடுத்துருச்சுடா!" என்றான். ஹால் முழுக்கச் சிரித்தது.

உன் கைடு மைக்கை இழுத்துக்கொண்டார். "அது... அச்சுப்பிழைம்மா. பிரஸ்காரங்க பண்ணுன வேல."

"அச்சுப்பிழை இல்ல சார். புரூஃப் பாத்தது நான்."

உன் நோட்டை உயர்த்தி, அட்டையில் இருந்த பெயரை உரக்கப் படித்தேன். அப்போதுதான் நான் யாரென்று அவருக்குப் புரிந்தது. மேடையிலிருந்து இறங்க அவர் படிக்கட்டைத் தேடியதைப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்ததா என்று கேட்பாய். இருந்தது. மன்னிக்கவும்தான் கன்னியாஸ்திரீகள் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த ஒரு பாடத்தில் மட்டும் நான் மக்கு.

கல்லூரி முதல்வர் நோட்டைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக்கொண்டார். மலரை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் ஆட்டோவில் ஏறும்போது உன் கைடு பின்னாலேயே வந்தார்.

"பழைய கதைம்மா. புள்ளையும் இல்ல. இப்ப எதுக்கு இதெல்லாம்?"

"புள்ள இல்லாததுனாலதான் நான் வந்தேன்."

இன்று காலை அவருக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். அந்த அட்டவணை உன்னுடையது, நீ யாரையும் பார்த்து எழுதவில்லை என்று அவர் தன் கைப்பட எழுதித் தர வேண்டும். ஒன்று கல்லூரிக்கு, ஒன்று அந்தப் பத்திரிகைக்கு, ஒன்று உன்னை வெளியே அனுப்பியவர்களுக்கு. பூசி மெழுகி எழுதினால் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புவேன். எத்தனை முறை எழுதினாலும் திருத்துவேன். எனக்கு வேறு வேலை இல்லை, கண்ணும் இன்னும் நன்றாகத் தெரிகிறது.

மூன்றும் வந்து சேர்ந்த பிறகு, அவற்றை உன் நோட்டுக்குள் வைத்து, நான் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்ட அதே இடத்தில் நின்று, உன் படத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்பேன். அதற்கு முன் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

உன்னை நம்பியிருக்க வேண்டிய,
அம்மா